பிரபு வம்சத்துப் பூட்டியைத் தேடி

இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. எமது தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அனேகமான பெண்களுக்கு வீட்டுவேலை, அல்லது முதியோரைப் பராமரிக்கும் வேலை. நானும் சில வருடங்கள் அங்கே ஒரு வயோதிப மாதைப் பராமரித்தேன். அவருக்கு அப்போது 84 வயது. நடப்பதற்குக் கஷ்டப்பட்டாலும் வாய்க்கு ஓய்வில்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவருடைய பூட்டி, அதாவது அம்மம்மாவின் தாய், ஒரு ‘கொந்தே’யின் மகளாம். கொந்தே என்பது பரோனுக்கு மேற்பட்ட பிரபுப் பட்டம். மாளிகையில் வளர்ந்த அந்தப் பெண் ஒரு மீனவனை விரும்பியதால் தகப்பன் அவளைத் துரத்திவிட்டாராம். போகும்போது அவள் எடுத்துச் சென்றது ஒரு சிவப்பு நாடா மட்டும்தானாம்.

கதையோடு நின்றிருந்தால் நான் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் குடும்பப் பெயருக்குரிய பிரபுச் சின்னமும் சான்றிதழும் தருவதாக ஒரு நிறுவனம் அவருக்குக் கடிதம் போட்டிருந்தது. கேட்ட தொகை அவருடைய ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல். காதுத்தோட்டை விற்றாவது அதைக் கட்டவேண்டும் என்று நின்றார். “கட்டுவதற்கு முன் பதிவுகளைப் பார்ப்போம், அம்மா” என்றேன். எமது பத்திரங்கள் இருந்த ட்ரங்குப் பெட்டி இடப்பெயர்வில் போய்விட்டது. அதனால் பழைய பதிவு எங்கேயாவது பத்திரமாக இருக்கிறது என்றால் எனக்கு ஒரு தனி ஆவல்.

முதலில் பட்டங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். 1948 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பு, பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை என்று எழுதிவிட்டது. ஆகவே இன்று யாரும் காசு வாங்கிக்கொண்டு சட்டப்படி ஒருவரைப் பிரபு ஆக்கமுடியாது. சின்னமும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியதேயன்றி, அந்தப் பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் உரியதல்ல. ‘பரோனே’ என்ற குடும்பப் பெயர் சிசிலியில் சாதாரணம். பரோனின் நிலத்தில் வேலை செய்தவனுக்கும், பரோன்போல் நடந்தவனுக்கும்கூடப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்ட பெயர் அது. உண்மையான பட்டங்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட ஸ்பானிய அரசு, யுத்தச் செலவுக்காகப் பட்டங்களை விற்றது. காசுள்ளவர்கள் வாங்கினார்கள்.

இனித் தேடிய விதம். பிரபுவிலிருந்து கீழே இறங்கி வந்தால் விரும்பிய இடத்தில் கதையை ஒட்டிவிடலாம். எம்மிடம் உள்ள கடைசிப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறவேண்டும். சிசிலியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு 1820 முதல் பதிந்து வருகிறது. அதற்கு முந்தியவை கோவில் ஏடுகளில் உண்டு. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குகள் தோறும் எழுதிவைக்க வேண்டுமென்று 1563இல் திரெந்துச் சங்கம் கட்டளையிட்டிருந்தது. அரசுப் பதிவுகளில் பெரும்பகுதியை இப்போது ‘அந்தெனாத்தி’ என்னும் அரச இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்தச் சொல்லுக்கு முன்னோர் என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இத்தாலியப் பதிவுகளில் பெண் திருமணம் முடித்தாலும் தகப்பன் வழிப் பெயரோடுதான் எழுதப்படுகிறாள். கணவன் பெயருக்குள் மறைந்துபோவதில்லை. அதனால் தாய்வழியைத் தேடுவது அங்கே எவ்வளவோ இலகு. எங்கள் பூட்டிமாரை இப்படித் தேடமுடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அம்மாவின் தாயின் திருமணப் பதிவில் அம்மம்மாவின் பெயர் இருந்தது. அம்மம்மாவின் பதிவில் பூட்டியின் பெயர் இருந்தது. ஊர், பலெர்மோவுக்குக் கிழக்கே ஒரு மீன்பிடிக் கரை. பூட்டியின் திருமணப் பதிவைக் கண்டதும் நான் ஒருகணம் வாசிக்காமல் இருந்துவிட்டேன். மாப்பிள்ளை மீனவன், கதை சொன்னபடியே. ஆனால் பெண்ணின் பெற்றோர் என்ற இடத்தில் ‘இஞ்ஞோத்தி’ என்றிருந்தது. அறியப்படாதவர்கள்.

அவள் சக்கரத்தில் விடப்பட்ட பிள்ளை. அந்தக் காலத்தில் இத்தாலியின் பல ஊர்களில் சுவருக்குள் சுழலும் மரப்பீப்பாய் ஒன்று இருக்கும். இரவில் பிள்ளையை அதற்குள் வைத்துச் சுழற்றி மணியை அடித்துவிட்டுத் தாய் போய்விடலாம். அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நாப்போலி நகரின் அன்னுன்சியாத்தா இல்லத்துச் சக்கரம் 1875இல் மூடப்பட்டது. ‘எஸ்போசித்தோ’ என்று இத்தாலியில் ஏராளமானோருக்கு உள்ள குடும்பப் பெயர் இப்படி விடப்பட்ட பிள்ளைகளுக்கு வைத்த பெயர்தான். பிளோரன்ஸ் நகரில் 1445 முதல் பிள்ளைகளை ஏற்ற இன்னசெந்தி இல்லத்தில், தாய்மார் பிள்ளையோடு வைத்துச் சென்ற பாதிப் பதக்கங்கள் இன்றும் காட்சிக்கு உள்ளன. மற்றப் பாதியைத் தாய் வைத்திருப்பாள், என்றோ ஒருநாள் திரும்பி வந்து அடையாளம் காட்ட.

ஏன் விட்டார்கள்? வறுமை ஒன்று. திருமணமாகாத தாய்க்கு ஊரும் கோவிலும் கொடுத்த நெருக்குதல் இன்னொன்று. தகப்பனைத் தேடிப் பிடிக்கச் சட்டமும் உதவவில்லை. 1865ஆம் ஆண்டு இத்தாலியக் குடியியல் சட்டம், கடத்தல், வல்லுறவு போன்ற சந்தர்ப்பங்கள் தவிர, தகப்பன் யாரென விசாரிப்பதையே தடை செய்தது. சுமை முழுவதும் பெண்ணின் தலையில்.

பூட்டியின் பிறப்புப் பதிவையும் கண்டுபிடித்தோம். இரவு, சக்கரத்தில் கண்டெடுக்கப்பட்ட பெண்குழந்தை. பழந்துணிச் சட்டை ஒன்று, சுற்றுத்துணி ஒன்று, சிவப்பு நாடா கட்டிய தொப்பி ஒன்று. பெயரும் குடும்பப் பெயரும் எழுதுவினைஞரே வைத்தது. கீழே, பிள்ளை ஒரு மீனவனின் மனைவியிடம் பால் கொடுக்க ஒப்படைக்கப்பட்டதாக அவள் பெயரோடு எழுதியிருந்தது. இப்படியான பால்தாய்மாருக்கு நகரசபை சிறு தொகை கொடுக்கும். சக்கரத்துப் பிள்ளைகளில் பெருந்தொகையினர் முதல் வருடத்திலேயே இறந்துபோனார்கள். இவள் பிழைத்தாள்.

எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மேசையில் தாளை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். நாடா என்ற சொல் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். மாளிகை எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தகப்பன் கொந்தேயாக இருந்திருக்கலாம், கூலியாளாகவும் இருந்திருக்கலாம். அதைச் சொல்லப் பத்திரமில்லை. என் எண்ணம், பள்ளிக்கூடத்திலோ சந்தையிலோ ‘சக்கரத்துப் பிள்ளை’ என்று யாரோ ஏளனம் செய்தபோது ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொன்ன பதில்தான் அந்த மாளிகை. அவர் கேட்டதெல்லாம், “பால் கொடுத்தவளின் பெயரை இன்னொருமுறை சொல்” என்பதுதான்.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. இதை வெளியில் சொல்லவேண்டாம் என்று தொலைபேசியில் சத்தம் போட்டார். தாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறுவனத்தின் கடிதத்தை என்னிடம் தந்து அடுப்பு மூட்டச் சொன்னார். அங்கே வாயு அடுப்புத்தான், ஆதலால் கிழித்துக் குப்பையில் போட்டேன். தோடு காதிலேயே இருந்தது.

நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் நினைவுநாள். பலெர்மோவில் அன்று பிள்ளைகளுக்குப் பழ வடிவில் செய்த இனிப்புகள் கொடுப்பார்கள், கல்லறைகளுக்குப் போவார்கள், இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கோவிலில் பூசைக்குக் கொடுப்பார்கள். அந்த வருடம் பட்டியலை அவர் சொல்ல நான் எழுதினேன். கணவன், தாய், அம்மம்மா, பூட்டி. அதற்குப் பிறகு பேனையை வைக்கவேண்டாம் என்று சொல்லி, பால் கொடுத்தவளின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.