திருவிதாங்கூரின் கடைசி மன்னர்

போர்க் காலத்தில் அரியணையில் இருந்த மன்னர்களைப் பற்றிய வழக்கு எளிதில் தீர்வதில்லை. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்ட் 1940 மே 28-ல் தம் படையோடு ஜெர்மனியிடம் சரணடைந்தார். அவர் குடிமக்களைக் காத்தாரா, கைவிட்டாரா என்ற சண்டை ஓயாமல் போகவே, 1951-ல் முடி துறந்தார்.

அப்படியொரு வழக்கு நம் காந்தலூருக்கும் உண்டு. தேவிகுளம் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூர் அன்று திருவிதாங்கூர் மண். அதன் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா.

1912-ல் பிறந்த அவர், 1931-ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1936 நவம்பர் 12-ல் அவர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம், தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவுகளைத் திறந்தது. காந்தியடிகள் மனமுவந்து பாராட்டிய செயல் அது. அதே ஆண்டில் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானானார்.

இரண்டாம் உலகப் போரில் மன்னர் பிரிட்டிஷ் அரசுக்குத் துணை நின்றார். 1940-ல் முதிரப்புழை ஆற்று நீரால் பள்ளிவாசல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரத்தை நம்பி 1943-ல் ஆலுவாயில் அலுமினிய ஆலை எழுந்தது. ஆனால் 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்று போயிற்று. ஏழைகளின் வயிற்றைக் காத்தது மரவள்ளிக் கிழங்குதான். உணவுப் பயிருக்காக மலைக்காடுகளும் குத்தகைக்கு விடப்பட்டன. உயர்மலைக் குடியேற்றம் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

போர் முடிந்தும் பசி தீரவில்லை. அரசியல் உரிமையும் கிடைக்கவில்லை. 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் கிளர்ந்தெழுந்த கயிற்றுத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் மீது படை சுட்டது. மாண்டவர் எண்ணிக்கையில் சர்ச்சை உண்டு. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் என்பதில் ஐயமில்லை. 1947 ஜூன் 11-ல் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று சி.பி. அறிவித்தார். ஜூலை 25-ல் அவர் வெட்டுக் காயம் பட்டார். சில நாட்களிலேயே மன்னர் இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார்.

இங்கேதான் வழக்கு. ஆலயப் பிரவேசம் என்றால் மன்னரைப் புகழ்கிறார்கள். துப்பாக்கிச் சூடு என்றால் 'தமிழ் திவான்' மீது பழி போடுகிறார்கள். நம்மவர்களோ பள்ளிவாசலையும் பல்கலைக்கழகத்தையும் சி.பி.யின் கணக்கில் எழுதிவிட்டு, வயலாரைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டுமே நேர்மையான கணக்கு அல்ல.

ரயில்வேயில் உத்தரவுக் காகிதத்தில் யார் கையெழுத்தோ, அவரே அதற்குப் பொறுப்பு. நல்ல பிரகடனத்துக்கு உரிமை கோரும் கை, கெட்ட உத்தரவிலிருந்து விலகி நிற்க முடியாது. திவானை நியமித்தவரும், நீக்கும் அதிகாரம் உள்ளவரும் மன்னரே. அதேபோல், எழுதிக் கொடுத்த திவானும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூர்-கொச்சி இணைந்தபோது மன்னர் பதவி முடிந்தது. 1956 வரை ராஜப்பிரமுகராக இருந்து, 1991-ல் மறைந்தார். இறுதிவரை எளிமையாக வாழ்ந்தார் என்பதை அவரைக் குறை கூறுபவர்களும் ஒப்புக்கொள்வர்.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளப் பாடநூலில் இம்மன்னரைப் படிக்கிறார்கள். வீட்டில் அவர்கள் கேட்டால், பெற்றோர்களே, ஆலயக் கதவையும் சொல்லுங்கள், வயலார் மணலையும் சொல்லுங்கள். தமிழர் என்பதற்காக ஒருவரைக் காக்கவும் வேண்டாம், மன்னர் என்பதற்காக ஒருவரை மன்னிக்கவும் வேண்டாம். பிழைக்க வந்த மண்ணின் வரலாற்றை முழுமையாக அறிவதும் அந்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றிதான்.