முதுகுவலி தீரவே இல்லையா? எலும்பு டி.பி.யாகவும் இருக்கலாம்!

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவரோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்படியில் நின்று பால்கோவா கிண்டுகிறவரோ, முதுகு வலிக்கிறது என்றால் நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். ‘நின்னு நின்னு வேலை பார்க்கிற உடம்பு, வலிக்காம என்ன செய்யும்?’ தைலம் தடவுவோம், மாத்திரை போடுவோம். பெரும்பாலும் வலியும் போய்விடும்.

ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கிற வலி, ஓய்வெடுத்தும் குறையாத வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி என்றால் அலட்சியம் வேண்டாம். கூடவே சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். முதுகெலும்பில் டி.பி. இருக்கலாம்.

இருமலே இல்லையே, எப்படி டி.பி.?

நுரையீரலுக்குள் போன கிருமி, ரத்தத்தின் வழியே எலும்புக்கும் மூட்டுக்கும் போய்த் தங்கிவிடும். எலும்பு டி.பி.யில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பு அரித்துக் கூன் விழும். தண்டுவடம் அழுந்தினால் கால்கள் செயலிழக்கவும் கூடும்.

ஸ்கேன் போதாதா?

எலும்பு அரித்திருப்பதையும் சீழ் கட்டியிருப்பதையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும். அதற்குக் காரணம் டி.பி.யா, வேறு கிருமியா, புற்றுநோயா என்று உறுதி செய்ய, அந்த இடத்திலிருந்து ஊசி மூலம் சீழோ திசுவோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். எலும்புச் சீழில் டி.பி. கிருமிகள் மிகக் குறைவு. மைக்ராஸ்கோப்பில் பல சமயம் சிக்காது. கல்ச்சர் செய்தால், மெதுவாக வளரும் கிருமி என்பதால் முடிவு வர 6 வாரம்கூட ஆகலாம்.

இரண்டு மணி நேரத்தில் முடிவு

மூலக்கூறு பரிசோதனை, கிருமி வளரும்வரை காத்திருப்பதில்லை. ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகையை அச்சகத்தில் கொடுத்து ஆயிரமாக்குவது போல, கிருமியின் டி.என்.ஏ. துணுக்கைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டுபிடிக்கிறது. ‘சி.பி.நாட்’ என்ற கருவியில் சுமார் 2 மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா, கேட்காதா என்பதும் தெரியும். 2010-ல் இதை அங்கீகரித்த உலக சுகாதார நிறுவனம், 2013-ல் நுரையீரலுக்கு வெளியே வரும் டி.பி.க்கும் பரிந்துரைத்தது.

மறக்காமல் கேளுங்கள்!

எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதில் கல்ச்சர் செய்யவே முடியாது, சி.பி.நாட் சோதனைக்கும் உதவாது. பயாப்ஸிக்கு ஒரு பாட்டில் ஃபார்மலினில் போகட்டும். இன்னொரு பகுதி, ஃபார்மலின் கலக்காத சுத்தமான பாட்டிலில் போக வேண்டும். ‘டாக்டர், சி.பி.நாட்டுக்கும் கல்ச்சருக்கும் தனியா அனுப்புவீங்களா?’ என்று ஊசி போடும் முன்பே கேட்டுவிடுங்கள். எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

‘இல்லை’ என்று முடிவு வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேன், பயாப்ஸி, கல்ச்சர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் இதில் தெரியும் என்பதால், குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்தச் சோதனை ஏற்றதல்ல.

குழந்தைக்குத் திடீரென்று மூட்டு வீங்கி, காய்ச்சலடித்து, காலை ஊன்ற மறுக்கிறதா? அது வேறு வகைச் சீழ்க்கிருமியாக இருக்கலாம். மூட்டையே கெடுத்துவிடும் அவசரம் அது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயம் வேண்டாம்

டி.பி. என்று உறுதியானால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 2024 நவம்பர் முதல் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் தரப்படுகிறது. எலும்பு டி.பி.க்கு வழக்கமாக 12 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சிலருக்கு இன்னும் நீளலாம். ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது. 1970-களில் சென்னையில் தொடங்கிய முதுகெலும்பு டி.பி. ஆய்விலேயே, நடமாடிக்கொண்டு மருந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் குணமடைந்தார்கள்.

ஒன்றிரண்டு மாதத்தில் வலி குறைந்ததும், ‘சரியாப் போச்சு’ என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!