பதில் சொல்ல ஆளில்லாத வசனம்

ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேஷம் கட்டிய ஆட்கள் ஜோடித்த வண்டிகளில் ஏறி ஊர்வலமாக வருவார்கள். முகத்தில் நீலச் சாயம், தலையில் ஜிகினா ஒட்டிய கிரீடம், கையில் தகடு சுற்றிய சூலம். சூரமங்கலத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற ஜனங்கள், அந்த வேஷத்தைக் கண்டு நெளிவதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழில் சூப்பர் ஹீரோ படம் எடுத்துத் தோற்கும்போதெல்லாம், "நம்ம ஆளுங்களுக்கு முகமூடியும் வேஷமும் ஒட்டாது" என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. நான் அதை ஏற்கவில்லை. வேஷத்தில் பிறந்து வளர்ந்த மண் இது. முகமூடிக்காரன் வந்து நிற்கும்வரை தியேட்டரில் யாருக்கும் சங்கடமில்லை. அவன் வாயைத் திறந்து பேச ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து சீட்டுப் பையன் செல்போனை எடுக்கிறான்.

வாயைத் திறந்து தற்பெருமை பேசுவதும் நமக்குப் பழக்கமில்லாததா என்றால், அதுவும் இல்லை. தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்றே பாட்டெடுத்து, தன் பெயர், குலம், நாடு, ஜெயித்த யுத்தம் எல்லாவற்றையும் துரியோதனன் தானே சொல்லிக்கொள்வார். காகிதத்தில் எழுதிப் படித்தால் இன்றைய எந்தப் படத்தின் அறிமுக வசனத்தையும்விட அது பெரிய பீற்றல். ஆனால் பக்கத்திலேயே கட்டியக்காரன் நிற்கிறான். "நீங்க யாருங்க சாமி, எந்த ஊரு?" என்று கேட்கிறான். அண்டம் நடுங்க ஆள்பவன் என்று ராஜா சொன்னால், "ரேஷன் கடையில உங்களைப் பார்த்த மாதிரி இருக்குதே" என்கிறான். கூட்டம் சிரிக்கிறது. சிரித்து முடித்த பிறகும் ராஜா ராஜாவாகவே நிற்கிறார். விடியற்காலையில் அவர் தொடை பிளந்து விழும்போது அதே கூட்டம் அழுகிறது. பெருமையைக் கேள்வி கேட்க ஒருவன் மேடையிலேயே இருந்ததால் பெருமை தாக்குப்பிடித்தது.

சினிமா வந்த பிறகும் இந்த ஏற்பாடு கொஞ்ச காலம் நீடித்தது. அதற்கு எங்கள் சேலத்திலேயே சாட்சி உண்டு. டி.ஆர்.சுந்தரம் 1935ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் இருந்தது. 1937ல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த ஸ்டூடியோ. 1950ல் வந்த 'மந்திரி குமாரி'க்குக் கதை, வசனம் மு.கருணாநிதி. குண்டலகேசிக் கதையிலிருந்து பிறந்த படம். எம்.ஜி.ஆர். படைத்தளபதி வீரமோகன். ஆனால் ஊரே பேசிய வசனம் அவருடையதைவிட, கொள்ளைக்காரன் பார்த்திபனாக வந்த எஸ்.ஏ.நடராஜனுடையதுதான். தந்தையான ராஜகுருவாக வரும் நம்பியார், மகனிடம் கொள்ளையை விட்டுவிடக் கேட்கிறார். கொள்ளையும் ஒரு கலைதான் என்று வாதாடுகிறான் மகன். அடுக்குமொழி அருவியாகக் கொட்டுகிறது. இன்று கேட்டாலும் கூசவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தைகளுக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. மறுப்பு வரவர வாதம் ஏறுகிறது.

மலை உச்சிக் காட்சியைப் பாருங்கள். மனைவி அமுதவல்லியைத் தள்ளிக் கொல்லத்தான் பார்த்திபன் அங்கே அழைத்து வருகிறான். அவனை மூன்று முறை வலம்வந்துவிட்டுச் சாகிறேன் என்று கேட்டு, பின்னால் வரும்போது அவனையே தள்ளிவிடுகிறாள். படம் முழுக்க வாயால் ஜெயித்தவனுக்கு இப்படிப் பதில் கிடைக்கிறது. வில்லனுக்கு இவ்வளவு நல்ல வசனம் எழுதத் துணிந்தவருக்கு, அவனை வீழ்த்துகிற பெண்ணுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் படப்பிடிப்புத் தளத்திலேயே வசனம் பதிவானது. நாடகக் கம்பெனிகளில் தேறி, ரயிலேறிச் சேலத்துக்கு வந்து இறங்கிய நடிகர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பேசினார்கள்.

பிறகு வண்ணம் வந்தது, வேகம் வந்தது. நாயகன் பெரிதாகிக்கொண்டே போனாலும் கட்டியக்காரன் அவன் கூடவே இருந்தான். 1992ல் 'மன்னன்' வந்தபோது ரஜினிகாந்த் உச்சத்தில் இருந்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் கவுண்டமணி நின்று அவரையே வாரினார். அதனால் ரஜினிக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்த இடம் காலியான பிறகுதான் நாயகர்கள் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசத் தொடங்கினார்கள். கேலி செய்கிறவன் படத்தைவிட்டு வெளியேறி, 2003ல் விஜய் டிவியின் 'லொள்ளு சபா'வுக்குப் போனான், 2010ல் 'தமிழ்ப்படம்' எடுத்தான், இன்று மீம் போடுகிறான். உள்ளே இருந்து காப்பாற்றியவன் வெளியே நின்று கல்லெறிகிறான்.

இந்த இடைவெளியில்தான் நம் சூப்பர் ஹீரோக்கள் வந்தார்கள். 2009ல் 'கந்தசாமி'. முருகன் கோயில் மரத்தில் மனுக் கட்டினால் குறை தீரும், தீர்ப்பவன் சேவல் வேஷத்தில் வருகிறான் என்பது எவ்வளவு அருமையான, நம் சொந்தக் கற்பனை! முருகன் கொடியிலேயே சேவல் இருக்கிறது. ஆனால் விக்ரம் கொக்கரித்துப் பேசும்போது, எதிரே இருப்பவர்களுக்குப் பயப்படுவதைத் தவிர வேலை கொடுக்கப்படவில்லை. 2012ல் மிஷ்கினின் 'முகமூடி', 2019ல் 'ஹீரோ'. கல்வியைப் பற்றி 'ஹீரோ' எடுத்த விஷயம் உண்மையானது. எங்கள் ஊரைச் சுற்றியும் எத்தனை இன்ஜினியரிங் காலேஜ்கள். இருந்தும் அந்த விஷயம் வாக்குவாதமாக வராமல் பிரசங்கமாக வந்தது.

ஹாலிவுட்டுக்கும் இதே நோய்தான். 2000ல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில், தவளை மனிதனை மின்னலால் அடிப்பதற்கு முன் ஹாலி பெர்ரி பேசும் ஒற்றை வரி இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது. அதை எழுதிய ஜாஸ் வீடன், அலட்சியமாகச் சொல்லவேண்டியதைப் பெருமுழக்கமாகச் சொல்லிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். 1997ன் 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்தில் அர்னால்டு வாயைத் திறந்தாலே பனிக்கட்டிச் சிலேடை. இயக்குநர் ஜோயல் ஷூமாக்கர் பின்னாளில் மன்னிப்பே கேட்டார்.

சூரமங்கலத்துப் பிள்ளைகள் இந்தப் படங்களை இப்போது தமிழ் டப்பிங்கில்தான் பார்க்கிறார்கள். அங்கே ஏற்படும் சேதம் தனி. "உன்னை என்னால் காப்பாற்ற முடியாது" என்று ஒரு வசனம் வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். கேட்பவள் முகம் அங்கேயே வாடிவிடும். தமிழில் "முடியாது" கடைசியில்தான் வரும். ஆக, அவன் முடியாது என்று சொல்வதற்கு முன்னாலேயே அவள் அழுதுகொண்டிருப்பாள். இதைச் சரிக்கட்ட வாக்கியத்தை முறிக்க வேண்டும். திரையில் உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும். இதற்கு நடுவே, கதை கசிந்துவிடும் என்ற பயத்தில், பெரிய படங்களுக்கு வாய் மட்டும் தெரியும்படி மறைத்த காட்சிகளைக் கொடுத்துப் பேசச் சொல்வதும் உண்டு. யாரிடம் பேசுகிறோம் என்றே தெரியாமல், கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று பேசும் குரலில் உயிர் எப்படி வரும்?

2019ல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழுக்கு ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ட்ரெய்லர் வந்ததுமே பழைய குரலைத் திருப்பிக் கொடுங்கள் என்று ரசிகர்கள் கேட்டார்கள். இருவரும் தேர்ந்தவர்கள். ஆனாலும் ஒட்டவில்லை.

அதே விஜய் சேதுபதியின் குரல் 2023ல் 'மாவீர'னில் எப்படி ஒட்டியது? மடோன் அஸ்வின் எடுத்த படம். பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி சத்யாவாகச் சிவகார்த்திகேயன். அவன் காதுக்கு மட்டும் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. மாவீரன் சீறி எழுந்தான் என்கிற தோரணையில் முழங்குகிறது. கீழே இவன் அண்ணாந்து பார்த்து நடுங்குகிறான், கெஞ்சுகிறான், ஓடப் பார்க்கிறான். முழக்கம் ஒருவரிடம், மறுப்பு இன்னொருவரிடம். ராஜாவும் கட்டியக்காரனும் மறுபடி ஒரே மேடைக்கு வந்துவிட்டார்கள். 'முகமூடி' எடுத்த மிஷ்கினே இதில் வில்லன். நான் பார்த்த தமிழ் சூப்பர் ஹீரோ படங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அதைத் திரும்பக் கட்ட யாராலும் ஆகாது. அங்கே எழுதப்பட்ட மாதிரி வசனம் எழுத ஆகும். டப்பிங் எழுதுகிறவருக்குப் படத்தை மறைக்காமல் முழுதாகக் காட்டுங்கள். மோதிக்கொள்ளும் இரண்டு பேரை ஒரே அறையில் நிறுத்திப் பேச வையுங்கள். தமிழில் நேராக எடுப்பவர்கள், நாயகனுக்கு அரைப் பக்கம் எழுதினால், அதே காட்சியில் அவனை மறித்துக் கேட்க ஒரு ஆளை வையுங்கள். அந்த ஆளுக்கும் நல்ல வசனமாகக் கொடுங்கள்.