பையில் சான்றிதழ், பதிவேட்டில் பெயர்

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை கேட்டுப் போகும் தாதி உதவியாளரிடம் சான்றிதழை வாங்கிப் பார்ப்பார்கள். ஆனால், அந்தக் கடதாசியை மட்டும் நம்பி எவரும் வேலை கொடுப்பதில்லை. கொடுக்கவும் முடியாது. நிர்வாகத்தினர் அந்த மாநிலத்தின் தாதி உதவியாளர் பதிவேட்டைத் திறந்து பெயரைத் தேடுவார்கள். பெயர் இருந்து, அது செல்லுபடியாகும் நிலையில் இருந்து, அதன் கீழ் குற்றப்பதிவு எதுவும் இல்லை என்றால்தான் மேற்கொண்டு கதைப்பார்கள். வேலையில் சேர்க்கும் முன் இப்படிப் பார்க்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி.

நியூஜேர்சியில் வாழும் அக்கா ஒருவர் அனுப்பிய குரல்பதிவுதான் என்னை இந்த விடயத்துக்குள் இழுத்து வந்தது. வன்னியிலிருந்து போனவர். “தங்கச்சி, நான் படிச்சு, சோதினை பாஸ் பண்ணி எடுத்த சேர்டிபிகற் கையில கிடக்கு. ஆனா பேர் இல்லையாம் எண்டு சொல்லுகினம். என்ர பேரை ஆர் அழிச்சது?” என்று கேட்டார். நிவாரண அட்டை, முகாம் பதிவு, காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியல் என்று பட்டியல்களோடு வாழ்ந்த எங்களுக்கு ‘பெயர் இல்லை’ என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனால், அக்காவின் பெயரை யாரும் திட்டமிட்டு அழிக்கவில்லை. சட்டம் தானாகவே செய்யும் வேலை அது.

அந்தச் சட்டம் 1987ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முன் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் முதியவர்களைக் குளிப்பாட்டுவோருக்கும், உணவூட்டுவோருக்கும், படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்போருக்கும் நாடு முழுவதற்குமான பயிற்சி விதி இருக்கவில்லை. இல்லங்களின் மோசமான நிலையை 1986இல் மருத்துவ நிறுவகத்தின் அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய வரவு செலவுத் திட்டச் சட்டத்துக்குள் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தமும் சேர்க்கப்பட்டது. குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி, அதற்குள் 16 மணிநேரமாவது மேற்பார்வையுடன் கூடிய செய்முறை, பிறகு ஒரு தகுதிச் சோதனை, கடைசியில் மாநிலப் பதிவேடு. இதுதான் அதன் அடிப்படை. மாநிலங்கள் மணிநேரத்தைக் கூட்டலாம். கலிபோர்னியா 160 மணிநேரம் கேட்கிறது. சோதனையின் அறிவுப் பகுதியை எழுத்திலோ வாய்மொழியிலோ செய்ய விண்ணப்பதாரர் தெரிவு செய்யலாம். ஆங்கிலம் பேசுவார், வாசிக்கத்தான் கஷ்டம் என்று தயங்கி நிற்கும் எங்கள் பெண்கள் பலருக்கு இது சொல்லப்படுவதே இல்லை. எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு மாநிலம் எல்லை வைத்தாலும், அந்த எல்லை மூன்று தடவைக்குக் குறையக்கூடாது.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். தொடர்ச்சியாக 24 மாதங்கள் தாதியம் சார்ந்த வேலை எதையும் ஊதியத்துக்குச் செய்யாமல் இருந்தால் பதிவு காலாவதியாகிறது. மாநிலம் அந்தப் பெயரை நீக்க வேண்டும். மறுபடி வர வேண்டுமென்றால் புதிதாகப் பயிற்சியும் சோதனையும், அல்லது சோதனை மட்டுமாவது வேண்டும். எது என்பதை மாநிலம் முடிவு செய்யும். அந்த 24 மாதத்துக்குள் குறைந்தது 8 மணிநேரமாவது ஊதியத்துக்கு வேலை செய்திருந்தால் போதும் என்பது பல மாநிலங்களின் கணக்கு. ஒரே ஒரு ‘ஷிப்ட்’.

அக்கா இரண்டரை வருடம் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்தார். குளிப்பாட்டினார், மருந்து கொடுத்தார், இரவில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்தார். இல்லத்தில் செய்த அதே வேலைதான். ஆனால், சம்பளம் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் அந்த இரண்டரை வருடமும் எதுவும் செய்யவில்லை. “மாமியைப் பாத்தது வேலை இல்லையாமோ?” என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. திறமை துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்ற விதியின் நோக்கம் நியாயமானது. ஆனால், வீட்டுக்குள் பெண்கள் செய்யும் பராமரிப்பைக் கணக்கில் எடுக்காத பழைய வழக்கம் அதற்குள்ளும் இருக்கிறது என்பதே என் எண்ணம். அக்கா இப்போது மறுபடி சோதனைக்குப் பதிந்திருக்கிறார்.

இதே நிலைமைக்குள் போகப்போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வேலையை முற்றாக விடாமல் மாதத்தில் ஒரு நாளாவது, முடியாவிட்டால் வருடத்தில் சில நாட்களாவது ஊதியத்துக்குப் போய்வர வேண்டும். சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். புதுப்பிக்கும்போது வேலை செய்ததற்கான அத்தாட்சியை வேலை கொடுத்தவரிடமிருந்து கேட்கும் மாநிலங்கள் பல. தெரிந்தவர் வீட்டில் கைக்காசுக்குச் செய்த பராமரிப்பை அத்தாட்சியாகக் காட்ட முடியாமல் போகலாம். பதிவு பெற்ற தாதியின் மேற்பார்வையில் செய்த வேலைதான் வேண்டும் என்று சொல்லும் மாநிலங்களும் இருக்கின்றன.

வருடத்துக்குக் குறைந்தது 12 மணிநேரத் தொடர்பயிற்சியைப் பராமரிப்பு இல்லம்தான் கொடுக்க வேண்டும். சில மாநிலங்கள் அதற்கு மேலும் கேட்கின்றன. கலிபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு 48 மணிநேரம்; அதில் ஒவ்வொரு வருடமும் 12 மணிநேரமாவது முடித்திருக்க வேண்டும். கடைசி மாதத்தில் எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கலாம் என்று இருந்தால் அங்கே சரிவராது.

பெயர் தேடும் பக்கம் எல்லோருக்கும் திறந்தது, இலவசமானது. நாடு முழுவதற்குமான ஒரே பதிவேடு கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. நியூஜேர்சியில் பதிந்தவர் நியூயோர்க்குக்கு வீடு மாறினால் அவருடைய பெயர் தானாகப் பின்னால் வராது. புதிய மாநிலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பழைய பதிவு உயிரோடு இருக்கும்போதே. தேடுவதற்குச் சான்றிதழ் இலக்கம், அல்லது குடும்பப் பெயரும் முதற்பெயரும் வேண்டும்.

இங்கேதான் எங்கள் பெயர்கள் சிக்குகின்றன. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கடவுச்சீட்டில் ஒரு ஒழுங்கு, அகதி விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்பாளர் எழுதிய இன்னொரு ஒழுங்கு, கலியாணத்துக்குப் பிறகு தகப்பன் பெயர் போய்க் கணவன் பெயர். ஆங்கில எழுத்திலோ கேட்கவே வேண்டாம். ‘சிவ’ என்பதை எஸ்-உடன் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும், ‘வி’ போட்டும் ‘டபிள்யூ’ போட்டும் எழுதுவோம். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக எடுத்த பிரதியில் எழுத்து மாறியிருக்கும். இவ்வளவும் தாண்டி வரும் பெயரைப் பதிவேட்டில் ஒருவர் ஒரு எழுத்து பிசகத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்றே பக்கம் காட்டும். மறுமுனையில் வேலை கொடுப்பவர் இரண்டாம் முறை தேடிக்கொண்டிருக்கமாட்டார். ஆகவே சோதனைக்குப் பதியும் நாளிலேயே அடையாள அட்டையில் உள்ள எழுத்தையும் ஒழுங்கையும் அப்படியே கொடுங்கள். பதிந்த பிறகு நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தப் படிவம் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள்.

எழுத்துப் பிழையை விடப் பாரதூரமானது விலாசம். துன்புறுத்தல், கவனிப்பின்மை, முதியவரின் உடைமையை அபகரித்தல் ஆகிய மூன்றில் ஏதாவதொன்று நிரூபணமானதாக மாநிலம் கண்டால், அது பதிவேட்டில் பெயருக்குக் கீழே ஏறும். கண்டுபிடிப்பு பிழை என்று தெரியவந்தால், நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தால், அல்லது அந்த நபர் இறந்தால் தவிர அது நிரந்தரம். எந்தச் சான்றளிக்கப்பட்ட பராமரிப்பு இல்லமும் அதன் பிறகு அவரை வேலைக்கு வைக்க முடியாது. கவனிப்பின்மைக்கு மட்டும் ஒரு சிறு கதவு உண்டு. ஒரேயொரு சம்பவமாக இருந்து, ஒரு வருடம் கடந்திருந்தால் நீக்கும்படி மனுச் செய்யலாம்.

ஆனால், ஏற்றுவதற்கு முன் அறிவித்தல் அனுப்புவார்கள். அறிவித்தல் திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் கேட்டால் விசாரணை நடத்த வேண்டும். கேட்ட நாளிலிருந்து 120 நாட்களுக்குள் அது முடிய வேண்டும். கேட்காவிட்டால் குற்றம் அப்படியே பதிவேட்டுக்குப் போகும். அந்தக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால்? பெட்டியில் கிடந்தபடியே 30 நாள் ஓடிவிடும்.

புதிய விலாசத்தை அரசுக்கு அறிவிப்பது எங்களில் பலருக்கு இயல்பாக வருவதில்லை. பதிவு என்றால் பொலிஸ் வரும், இராணுவம் வரும், இரவில் கதவு தட்டப்படும் என்று கற்றுக்கொண்ட ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். கேட்காமல் எதுவும் சொல்லாதே என்பது உயிர் காத்த பாடம். இந்தப் பதிவேட்டில் அதே பாடம் தொழிலைப் பறித்துவிடலாம்.

அறிவித்தல் கிடைத்தால் பயந்து வேலையை விட்டுவிட்டு ஒதுங்குவதும் அதே விளைவைத்தான் தரும். இரவில் ஆள் போதாமல், ஒருவரே எத்தனையோ பேரைப் பார்க்க விடப்பட்ட நிலையில் தவறு நடந்திருந்தால் அதை விசாரணையில் சொல்ல வேண்டும். தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நடந்ததென்று ஒருவர் காட்டினால், அவர்மீது கவனிப்பின்மை காணக்கூடாது என்று விதியே சொல்கிறது. முடிவு எதிராக வந்தாலும், அதை மறுத்துத் தன் தரப்பு அறிக்கையைப் பதிவேட்டில் சேர்க்கும் உரிமை உண்டு.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவேடு தொடர்பாக உதவியாளரிடம் மாநிலம் கட்டணம் அறவிடக்கூடாது. பயிற்சி தொடங்கும்போதே பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலையில் இருப்பவரிடம், அல்லது வேலை தருவதாக உறுதி பெற்றவரிடம், பயிற்சிக்கோ சோதனைக்கோ காசு வாங்கக்கூடாது. தானே கட்டிப் படித்தவர் 12 மாதத்துக்குள் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தால், கட்டியதை வேலை செய்யும் காலத்துக்கேற்ப திருப்பிக் கொடுக்க மாநிலம் ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். “பதிவைப் புதுப்பித்துத் தருகிறோம்” என்று காசு கேட்கும் இணையத்தளம் எதையும் மாநில அரசின் தளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே சொன்னவை அமெரிக்காவுக்கு மட்டும். கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருப்பவர்களுக்குப் பொருந்தாது. இங்கே யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் ‘தாதி உதவியாளர் பயிற்சி, வெளிநாட்டு வேலை’ என்ற விளம்பரங்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது தொடர்பானதுதான். இலங்கையில் பெறும் எந்தச் சான்றிதழும் ஒருவரின் பெயரைத் தானாக அமெரிக்க மாநிலப் பதிவேடு ஒன்றில் ஏற்றாது. பதிவேட்டில் பெயர் இருப்பது அங்கே போக விசாவும் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் பேசி முற்பணம் கேட்பவரிடம், எந்த மாநிலத்தின் பதிவேடு, எந்தச் சோதனை என்று கேளுங்கள்.

படிக்கப் போகும் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்று அதன் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். ஒருவரின் என்.வீ.கியூ. சான்றிதழ் உண்மையானதா என்பதையும் அங்கே பரிசோதிக்கலாம். முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்க 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். காசு கட்டும் முன் அழையுங்கள், கட்டிய பிறகு அல்ல.