பேய்ப்படம் பார்க்கும் அக்காமார்

இரசிகர் என்றதும் எம் கண்முன் வருபவர்கள் ஆண்கள்தான். கட்டவுட் கட்டுபவர்கள், அதற்குப் பால் ஊற்றுபவர்கள், முதல் நாள் முதற் காட்சிக்கு முண்டியடிப்பவர்கள். பெண்கள் படம் பார்ப்பதை எமது சமூகம் இரசனை என்று சொல்வதில்லை. 'பொழுது போக்குகினம்' என்பதோடு முடித்துவிடுகிறது. அதிலும் ஒரு பெண் தனக்குப் பேய்ப்படம்தான் விருப்பம் என்று சொல்லிவிட்டால் வீட்டில் சிரிப்பு, அயலில் முகச்சுளிப்பு. "பட்டது காணாதெண்டே இனிப் பேயையும் பாக்கிறியள்?" என்று அக்கராயனில் ஒரு பெரியவர் கேட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றலாம். அக்கராயன் மக்கள் 2008இல் ஊரைவிட்டு எழும்பி, 2009 மே வரை பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடி, முகாம்களில் அடைபட்டு, அதன் பின்னரே ஊர் திரும்பியவர்கள். அங்கு பெண்கள் குழுக்களோடு வேலை செய்கையில் நான் அதிகம் கேட்டது போரின் கதைகளைத்தான். அதற்கு அடுத்தபடியாகக் கேட்டவை, நம்புங்கள் தோழியரே, பேய்ப்படக் கதைகள். பெரியவரின் கேள்வியை நான் ஓர் அக்காவிடம் கொண்டுபோனேன். கணவரை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். வெங்காயம் உரித்தபடியே சொன்னார்: "இந்தப் பயத்தை நான் நினைச்ச நேரம் நிப்பாட்டலாம் பிள்ளை. அந்தப் பயத்தை ஆர் நிப்பாட்டினது?"

சமூகவியல் படித்த காலத்தில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் அமெரிக்க ஆய்வாளர் கோல்ரன் ஸ்கிறிவ்னரும் அவரது குழுவினரும் 310 பேரிடம் விசாரித்து, 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடம் அந்த நெருக்கடியின்போது மன உளைச்சல் ஒப்பீட்டளவில் குறைவாக இருந்தது என்கிறது அது. வன்னிப் பெண்களிடம் யாரும் கேட்ட ஆய்வல்ல. ஆனாலும் அந்த அக்காவின் பேச்சுக்கு அருகில் வருகிறது.

பாட்டும் படமும் எமக்கு இலகுவில் கிடைத்தவையல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றறி வராதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுற்றுவது பிள்ளைகளின் வேலை. கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். படம் என்றால் ஒரு ஜெனரேற்றர், வாடகைக்கு எடுத்த டெக், யாரோ ஒருவர் வீட்டு முற்றம். கதிரைகளில் ஆண்கள், நிலத்தில் பிள்ளைகள். பெண்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து பின்னால் நிற்பார்கள். முடிவு மட்டும் தெரிந்த, தொடக்கம் தெரியாத படங்கள் என் அம்மாவுக்கு எத்தனையோ உண்டு. இன்று கைத்தொலைபேசி வந்தபின்தான் பல பெண்கள் ஒரு படத்தை எழுத்தோட்டத்திலிருந்து பார்க்கிறார்கள். இதைச் சிறிய மாற்றமென்று நான் நினைக்கவில்லை.

அக்கராயனில் அதிகம் பேசப்படும் படம் 'காஞ்சனா'. ராகவா லோரன்சின் இந்தப் படம் 2011 யூலையில் வெளியானது. அடுத்த மாதமே, ஓகஸ்டில், நாடெங்கும் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி கிளம்பியது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இருட்டில் வந்து பெண்களைத் தாக்குவதாக மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் செய்தி பரவியது. மீள்குடியேறிய வன்னியில் அப்போது வீடென்பது தகரமும் தறப்பாளும். பூட்டுப் போடக் கதவு இல்லை. மலசலகூடம் வளவின் மூலையில். இரவில் அவ்வளவு தூரம் போகப் பயந்து பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும்.

அந்த நாட்களுக்குப் பின் சீடியாகக் 'காஞ்சனா' ஊருக்கு வந்து சேர்ந்தது. அதில் கதாநாயகன் சண்டைக்கு அஞ்சாத வாலிபன். பொழுதுபட்டால் மட்டும் பேய்ப் பயம். இரவில் மலசலகூடம் போகத் தாயைத் துணைக்குக் கூப்பிடுவான். கோவை சரளா மகனைத் திட்டித் தீர்க்கும் அந்த இடத்தில் பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்ததைச் சொல்லிச் சொல்லி இப்போதும் சிரிக்கிறார்கள். பயந்து நடுங்குவது ஆண்பிள்ளையின் முறையாகிவிட்டது அல்லவா?

அதே படத்தின் பிற்பகுதியில் சிரிப்பு நின்றுவிடும். காஞ்சனா ஒரு திருநங்கை. தான் வளர்த்த பெண் வைத்தியராகி வரும்போது மருத்துவமனை கட்டவென்று காணி வாங்குகிறாள். அரசியல்வாதி ஒருவன் அதை அபகரித்து, கேட்கப் போனவளைக் கொன்றுவிடுகிறான். 'காணி' என்ற சொல் வந்ததும் எங்கள் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உறுதியை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும், கணவரின் பெயரிலிருந்த காணிக்காக அலுவலகப் படி ஏறி இறங்கியவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். (திருநங்கையராக நடித்தவர் சரத்குமார். அந்தப் படத்தின் பகிடிகளில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. அதைச் சொன்னால் அக்காமார் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.)

தமிழ்ப் படங்களில் பேயாக வருவது பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண்தான். எங்கள் ஊர்களில் முன்பு சொல்லப்பட்ட கொத்தியும் பிள்ளைப்பேற்றோடு தொடர்புபட்ட பெண்பேய். உயிரோடு இருந்தபோது எவரும் காது கொடுக்காத ஒருத்தி, செத்தபின் வீட்டையே நடுங்க வைத்துத் தன் வழக்கைச் சொல்கிறாள். பயந்தபடியே அவளுடைய பக்கம் சாய்கிறார்கள் பார்க்கும் பெண்கள்.

'சந்திரமுகி' பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 1993இல் மலையாளத்தில் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்', 2005இல் பி. வாசுவின் இயக்கத்தில் தமிழுக்கு வந்தது. கங்காவைப் பிடித்தது பேயல்ல, மனநோய் என்று கண்டறிபவர் ஒரு மனநல வைத்தியர். ஆனால் கடைசியில் அவர் குணப்படுத்துவதோ பேயோட்டும் சடங்கு ஒன்றை ஒழுங்கு செய்து. படத்துக்கு அது பொருந்துகிறது. வீட்டில் நித்திரையில்லாமல், தனக்குள் பேசிக்கொண்டு, காதில் குரல் கேட்பதாகச் சொல்லும் பெண்ணைப் பூசாரியிடம் மட்டும் கூட்டிப்போய்விட்டு இருந்துவிடாதீர்கள். மாவட்ட வைத்தியசாலையில் மனநலச் சிகிச்சை உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எல்லோராலும் இப்படங்களைப் பார்க்கவும் முடியாது. எங்கள் குழுவில் ஒருவருக்குப் பேய் முகம் பிரச்சினையில்லை. திடீரென வெடிக்கும் பின்னணி இசைதான் தாங்காது. ஆகவே போயா நாட்களில் பொதுமண்டபத்தில் கூடிப் பார்க்கும்போது சத்தத்தைக் குறைத்து, கதவைத் திறந்தே வைக்கிறோம். எழுந்து போகிறவரை ஏனென்று கேட்பதில்லை.

அண்மையில் பார்த்தது 2015இல் வந்த 'மாயா'. கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் அப்சராவாக நயன்தாரா. கடன்காரர் நெருக்க, பேய்ப்படம் ஒன்றைத் திரையரங்கில் தன்னந்தனியே பார்த்து முடித்தால் கிடைக்கும் பணப்பரிசுக்காக அவள் போகிறாள். நுண்கடன் கட்டத் திணறும் ஊரில் அந்தப் படம் முடிந்தபின் பேயைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அப்சரா என்ன வட்டிக்கு வாங்கியிருப்பாள், எத்தனை தவணை விட்டிருப்பாள் என்பதில் அரை மணித்தியாலம் போயிற்று. தனியே பார்க்க அவளுக்குத் தேவை இருந்தது, எங்களுக்கு என்ன தேவை என்று ஒருவர் முடித்துவைத்தார்.

அடுத்த போயாவுக்கு 'யாவரும் நலம்' கேட்டிருக்கிறார்கள். குழுவில் ஒருவர்கூட அதை முன்பு பார்த்ததில்லை. அது வெளியானது 2009 மார்ச்சில். அந்த மாதம் அக்கராயன் சனம் மாத்தளனிலும் பொக்கணையிலும் நின்றது.