சிம்னிக்காரர் வந்தால் கதவைத் திறந்தாக வேண்டும்

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்காரர் 'உள்ளே விடமாட்டேன்' என்று சொல்ல முடியாத ஆட்கள் வெகு சிலர்தான். அவர்களில் ஒருவர் கறுப்பு உடையும் பொன்னிறப் பித்தான்களுமாக, தோளில் சுருட்டிய கயிறும் தூரிகையும் மாட்டிக்கொண்டு வருவார். சிலர் தலையில் உயரமான கறுப்புத் தொப்பியும் இருக்கும். ஷோர்ன்ஷ்டைன்ஃபேகர் என்பது அவர் பெயர். வாய் வலிக்கிறதென்றால் சிம்னிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய வீட்டுக்குள் மற்றவர் அத்துமீறி நுழையக்கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு உறுதி தருகிறது. சிம்னிக்காரர்களுக்கான சட்டமோ இவருக்காக அந்த உறுதியையே கொஞ்சம் தளர்த்தி வைத்திருக்கிறது.

ஒட்டடை அடிக்க வருபவருக்கு இவ்வளவு மரியாதையா?

நம் பக்கம் சிம்னி என்ற சொல் பல வேடம் போட்டுவிட்டது. பாட்டி காலத்தில் அது அரிக்கேன் விளக்கின் கண்ணாடி. பொழுது சாய்வதற்குள் கரி போகத் துடைத்து வைக்க வேண்டியது. செங்கல் சூளைக்கு மேலே புகை கக்கி நிற்பதும் அதுதான். இப்போது அடுக்குமாடிச் சமையலறையில் விசிறியோடு தொங்கும் பெட்டிக்கும் அதே பெயர். குளிருக்காகக் கட்டிய கணப்பும் அதன் மேல் கூரையைத் தாண்டும் புகைபோக்கியும் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டி, குன்னூர், நுவரெலியா பங்களாக்களுக்குத்தான் போக வேண்டும்.

ஆனாலும் விளக்கைத் துடைத்தவர்களுக்கு இந்தச் சங்கதி பாதி தெரிந்ததே. கண்ணாடியைக் கழற்றினால் சுடர் ஆடும், புகையும். மாட்டினால் நிமிர்ந்து எரியும். சூடான காற்று லேசானது. குழாய்க்குள் அது மேலே ஏற ஏற, கீழிருந்து புதுக் காற்று சுடரை நோக்கி இழுக்கப்படும். வீட்டுப் புகைபோக்கியும் இதே இழுவையில்தான் வேலை செய்கிறது. உயரம் கூடினால் இழுவை கூடும். உள்ளிருக்கும் புகைக்கும் வெளிக்காற்றுக்கும் சூட்டு வித்தியாசம் அதிகமானாலும் கூடும். குழாய் அடைத்துக்கொண்டால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

விறகுப் புகையில் வெறும் கரி மட்டும் இருப்பதில்லை. எரியாமல் தப்பிய தார் ஆவியும் நீராவியும் அதில் கலந்திருக்கின்றன. மேலே போகப் போகக் குழாய்ச் சுவர் குளிர்ந்திருக்கும். ஆவி அங்கே படியும். இந்தப் படிவுக்கு கிரியோசோட் என்று பெயர். முதலில் பொடியாக இருக்கும், தூரிகை பட்டால் உதிரும். அடுத்து பொரிந்த சட்டிக் கருகல் மாதிரி செதில் செதிலாகும். கடைசி நிலையில் மெருகு பூசியது போலப் பளபளவென்று இறுகிவிடும். அதற்குத் தூரிகை பயன்படாது. சுழலும் சங்கிலியும் ரசாயனமும் வேண்டும், சில சமயம் உட்குழாயையே மாற்ற வேண்டும். பச்சை விறகு எரிப்பதும், ராத்திரி முழுக்கக் கங்கு தாங்க வேண்டுமென்று காற்றை அடைத்துப் புகைய விடுவதும்தான் இந்த நிலைக்குக் கொண்டுபோகும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். ஜெர்மானிய விதிப்படி, முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் விறகின் ஈரம் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சிம்னிக்காரரின் பையில் இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று இருக்கும். விறகில் குத்திப் பார்த்தால் வீட்டுக்காரரின் சிக்கனம் தெரிந்துவிடும்.

கிரியோசோட் தீப்பிடித்தால் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ரயில் ஓடுவது போல இரைச்சல் கேட்கும், கூரைக்கு மேல் தீப்பொறி பறக்கும். அப்போது வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் பெரிய ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1700 லிட்டர் நீராவியாக விரியும். குறுகிய குழாய்க்குள் அது நடந்தால் புகைபோக்கி வெடித்துப் பிளக்கும். எனவே ஜெர்மனியில் தீயணைப்பு வீரர்கள் சுற்றிலும் காவல் நின்றபடி தீயை எரிந்து அடங்க விடுவதும், சிம்னிக்காரரை வரவழைத்துக் கங்கைச் சுரண்டி இறக்குவதும் வழக்கம்.

எல்லாத் தீயும் இப்படிச் சத்தம் போட்டு வருவதில்லை. மெதுவாக எரிந்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே அணைந்துவிடுபவையும் உண்டு. உப்பிப் பொரிந்த கரியும் உட்குழாய் ஓட்டில் ஒரு விரிசலும்தான் மிச்சம். அடுத்த முறை அந்த விரிசல் வழியே சூடு சுவருக்குள் இருக்கும் மர உத்தரத்தைத் தொடும். இதைக் கண்டுபிடிக்கக் கேமராவும் வேண்டும், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் கண்ணும் வேண்டும். கரியை அள்ளுவதைவிடக் கரியைப் படிப்பதுதான் இத்தொழிலில் கடினமான பகுதி.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் தூரிகையின் இடத்தில் சிறுவர்கள் இருந்தார்கள். 9 அங்குலத்துக்கு 14 அங்குலம் அளவுள்ள, வளைந்து நெளிந்த புகைவழிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் முழங்கையாலும் முழங்காலாலும் உந்தி ஏறினார்கள். தோல் மரத்துப் போகட்டும் என்று நெருப்பருகே நிறுத்தி உப்புநீர் தேய்த்தார்கள். 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட், இவர்களுக்கு வளர்ந்த பின் விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் அறிந்தது அப்போதுதான். 1892இல் ஹென்றி பட்லின் என்ற மருத்துவர் இன்னொன்றைக் கவனித்தார்: ஐரோப்பாவின் மற்றப் பகுதிச் சிம்னிக்காரர்களிடம் இந்த நோய் அரிது. உடம்பை ஒட்டி மூடிய அவர்களுடைய உடையே அதற்குக் காரணம் என்றார். இன்று வேடிக்கையாகத் தெரியும் அந்தக் கறுப்பு உடுப்பு உயிர்க்கவசமாக இருந்திருக்கிறது.

எரிச்சல் தரும் விஷயம், மாற்று ஏற்கெனவே கைவசம் இருந்தது என்பது. 1803இல் ஜார்ஜ் ஸ்மார்ட் பிரம்புத் துண்டுகளை இணைத்த தூரிகைக் கருவியைச் செய்தார். 1828இல் ஜோசப் கிளாஸ் அதை மேம்படுத்தினார். இன்றைய தூரிகைகளுக்கும் மூலம் அதுதான். ஆனால் வீட்டுக்காரர்களுக்குக் கம்பளத்தில் கரி விழும் என்ற கவலை. சிறுவர்களை ஏற்றுவதைத் தடுக்கும் மசோதாக்களைப் பிரபுக்கள் சபை திரும்பத் திரும்பத் தள்ளியது. 1840இல் வந்த தடைச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு மருத்துவமனைப் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கி இறந்தான். இந்தச் சிறுவர்களுக்காக முன்பே போராடியிருந்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபு மறுபடி போராடி, அதே ஆண்டில் காவல்துறை உரிமம் இல்லாமல் யாரும் இத்தொழில் செய்யக்கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்.

அந்தச் சட்டம் 1938இல் நீக்கப்பட்டது. ஆகவே இன்றைய பிரிட்டனில் ஒரு தூரிகை வாங்கினால் போதும், யாரும் சிம்னிக்காரர்தான். ஜெர்மனி இதற்கு நேரெதிர். மூன்றாண்டுப் பயிற்சி முடித்தவர்தான் கைவினைஞர் ஆகலாம், அதற்கும் மேலே மேஸ்திரித் தேர்வு. 2012 முடியும்வரை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவர்தான். வேறு ஆளைக் கூப்பிடவே முடியாது. 2013 முதல் துடைக்கும் வேலைக்கு விருப்பமானவரைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஏழாண்டுக்கு நியமிக்கப்படும் வட்டார அதிகாரி அந்தக் காலத்துக்குள் இரண்டு முறை அடுப்பு, குழாய் எல்லாவற்றையும் பார்வையிட்டு, எதை எப்போது துடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். ஆண்டு முழுதும் எரியும் விறகடுப்பென்றால் ஆண்டுக்கு 4 முறை. அடுப்பு ஆபத்தானது என்று கண்டால் அதை நிறுத்திவைக்கவும் அவரால் முடியும்.

உரிமம் கேட்காத ஊரில் ஆளைத் தேர்வது வீட்டுக்காரரின் சாமர்த்தியம். சிம்னிக்காரர் சங்கத்தின் சான்றிதழும் விபத்துக் காப்பீடும் இருக்கிறதா, வேலை முடிந்ததும் எழுத்தில் அறிக்கை தருவாரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். அடிமாட்டு விலைக்கு விளம்பரம் செய்து வந்து, பார்த்ததும் பெரிய விரிசல் இருக்கிறதென்று பயமுறுத்திப் பெருந்தொகை கேட்பது அமெரிக்காவில் பழகிப்போன மோசடி. விரிசலைப் படமெடுத்துக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்கிறது அங்குள்ள தீப்பாதுகாப்பு நெறிமுறை. வீடு கைமாறும்போதும் புகைபோக்கியில் தீப்பிடித்த பிறகும் கேமரா விட்டுப் பார்ப்பது அவசியம்.

அந்த அமெரிக்காவிலேயே, எவ்வளவு தேர்ந்த சிம்னிக்காரரும் தூரிகையை மடக்கிக்கொண்டு திரும்ப வேண்டிய வீடுகள் உண்டு. சிம்னி உழவாரன் என்று ஒரு சின்னப் பறவை. அதனால் கிளையில் உட்கார முடியாது. செங்குத்துச் சுவரில் நகத்தால் தொற்றிக்கொள்ளத்தான் தெரியும். பொந்துள்ள பெருமரங்களை மனிதர்கள் வெட்டிய பிறகு, புகைபோக்கியின் உட்சுவரில் சுள்ளிகளைத் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டப் பழகிக்கொண்டது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அதைக் காக்கிறது. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியின்றித் தொட்டால் குற்றம். இலையுதிர்காலத்தில் அவை தென் அமெரிக்காவுக்குப் பறந்துபோகும்வரை காத்திருந்துவிட்டு, குளிருக்குச் சற்று முன்னால் சிம்னிக்காரர் மறுபடி வந்து ஏணி சாத்துவார்.