ஜாமீன் நின்ற சேனாதிபதி

யுத்தமென்றதும் நம் மனக்கண் முன் வருவன பீரங்கியும் வாளுமே. சிப்பாயின் சட்டைக்குத் துணி எங்கிருந்து வந்தது, அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று விசாரிப்போர் சிலரே. அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் அவ்வாறு விசாரிக்கப் புகுந்தால், வாஷிங்டனுக்கு அடுத்தபடி புகழ் படைத்த நத்தானியல் கிரீன் என்னும் சேனாதிபதியின் துயரக் கதையில் போய் நிற்கிறோம்.

ரோட் ஐலண்டில், இரும்புப் பட்டறை நடத்திய குடும்பத்தில் 1742-ல் பிறந்தவர் கிரீன். 1778-ல், வாஷிங்டனுடைய வற்புறுத்தலுக்கிணங்கி, சேனைக்குச் சாமான் சேகரிக்கும் இலாகாவின் தலைமையை வேண்டா வெறுப்பாக ஏற்றார். போர்க்களத்தில் கீர்த்தி தேடியவருக்கு வண்டி, குதிரை, கூடாரம், தீவனம் இவற்றின் கணக்கு எவ்வாறு இனிக்கும்? அப்பதவிக்கு வரும்படி, செலவாகும் தொகையின் மேல் கமிஷன். செலவு ஏற ஏற அதிகாரியின் வரும்படியும் ஏறுமானால் ஊர் வாய் சும்மா இருக்குமா? காகித நாணயமோ மதிப்பிழந்துகொண்டே போயிற்று. 1780 மார்ச்சில், 40 காகித டாலர் ஒரு வெள்ளி டாலருக்குச் சமமென்று அமெரிக்கக் காங்கிரஸே ஒப்புக்கொண்டது. அவ்வருஷமே கிரீன் அப்பதவியை உதறினார்.

அவருடைய கை முற்றிலும் சுத்தமென்று நாம் சாதிக்க வரவில்லை. பதவியிலிருந்தபோதே, உணவு இலாகாத் தலைவர் வாட்ஸ்வொர்த்துடன் ஒரு வியாபாரத்தில் ரகசியமாகப் பங்கு கொண்டிருந்தார். கடிதங்களில் சங்கேத எழுத்தைக் கையாளவும் ஏற்பாடு செய்தார். இப்படிப்பட்டவர் மேல் பிற்பாடு வீண் பழி வந்தபோது, அதை மறுப்பது எளிதாயில்லை.

அப்பழி வந்த விதம் இது. தெற்கத்திய சேனையைக் கிரீன் நடத்தி வந்த காலத்தில், சிப்பாய்கள் பலருக்கு அரையில் கந்தையைத் தவிர வேறு துணியில்லை. 1782 டிசம்பர் 14-ந் தேதி ஆங்கிலேயர் சார்ல்ஸ்டன் நகரை விட்டகன்றனர். ஆனால் அங்கிருந்த ஆங்கில வியாபாரிகளிடம் சரக்கு இருந்தது. அதை வாங்கித் தர ஜான் பாங்க்ஸ் என்னும் விர்ஜீனிய வர்த்தகன் முன்வந்தான். பிறகு உணவு காண்டிராக்டையும் அவனே எடுத்தான். வேறு யாரும் கேட்கவில்லை! ஆனால் ஜாமீனின்றி அவனுக்குக் கடன் கொடுக்க வியாபாரிகள் மறுத்தனர். பட்டினியால் சேனை கலைந்துவிடுமோ என்றஞ்சிய கிரீன், 1783-ல் தம் சொந்தப் பெயரில் ஜாமீன் பத்திரங்களில் கையெழுத்திட்டார்.

பாங்க்ஸ் சர்க்கார் பணத்தைத் தன் சொந்த வியாபாரச் சூதாட்டத்தில் போட்டான். சேனாதிபதியும் கூட்டாளியே என்னும் குறிப்புப்பட ஒரு கடிதமும் எழுதிவிட்டான். கிரீனிடம் உதவி அதிகாரியாயிருந்த மேஜர் பர்னெட் உண்மையாகவே அதில் பங்காளி. ஆகவே வதந்தி தீப்போல் பரவிற்று. கிரீனுக்குப் பங்கில்லையென்று பாங்க்ஸ் பின்னர் சத்தியப் பிரமாணம் செய்துகொடுத்தான். சத்தியம் பழியைத் தீர்க்கலாம், கடனைத் தீர்க்குமா? 1784-ல் கிரீன் அவனைத் தேடி விர்ஜீனியா சென்றார். அங்கே அவன் இறந்து, புதைத்தும் ஆகிவிட்டிருந்தது!

கடன்காரர் அனைவரும் கிரீன் மேல் பாய்ந்தனர். தென் கரோலினா வெகுமதியாக அளித்த நிலம் கையை விட்டு நழுவியது. ஜார்ஜியா அளித்த மல்பெரி குரோவ் தோட்டத்தில் 1785-ல் குடியேறினார். அடிமைகளைக் கொண்டு நடந்த தோட்டம் அது. சுதந்திரத்துக்குப் போராடிய சேனாதிபதி அடிமைகளின் உழைப்பால் கடன் தீர்க்க எண்ணியதை நாம் மறைப்பானேன்? 1786 ஜூன் 19-ந் தேதி, 43-வது வயதில், காலமானார்.

விதவை காதரீன் அம்மையார் ஐந்து குழந்தைகளோடும் பெட்டி நிறையக் காகிதங்களோடும் நின்றார். காங்கிரஸுக்கு விண்ணப்பம் செய்தார். பொக்கிஷ மந்திரி ஹாமில்டன் அம்மையாருக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்தார். தென் கரோலினா அங்கத்தினரான சம்டர் கடுமையாக எதிர்த்தார். யுத்த காலத்திலேயே கிரீனோடு மனஸ்தாபம் கொண்டவர் அவர். முடிவில், 1792 ஏப்ரலில், 47,000 டாலர் ஈடு செய்யும் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டார். மிஞ்சிய மற்றொரு பத்திரத்துக்காக 1796-ல் இரண்டாவது சட்டம் வேண்டியிருந்தது.